இரண்டு பாட்டரி, ஒரு டைனமோ



தைப்பூசம் நெருங்கும்போது நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலையில் பழனிக்கு நடந்து செல்லும் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பல கூட்டங்களுக்குப் பின்னால் ஒரு வேன் மெல்ல ஊர்ந்து வரும். உள்ளே அரிசி மூட்டை, சமையல் பாத்திரம், பாய், தலையணை; மேலே ஒலிபெருக்கி. விளக்கும் மின்விசிறியும் உண்டு. பத்து இருபது செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அங்கேதான். மேலை நாடுகளில் படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் ஊர் சுற்றுகிறார்கள். நமது பாதயாத்திரை வேனும் அதற்குத் தம்பி முறைதான்.

இந்த நடமாடும் வீட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் எஞ்சினைக் கிளப்பும் அதே பாட்டரியிலிருந்துதான். இரவெல்லாம் விளக்கும் பாட்டும் ஓடும். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. பத்துப் பேர் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும், சிரித்துக்கொண்டே நடப்பார்கள். ஆனால் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால்? கைக்கு எட்டிய ஒரே வண்டி அதுதான். ஆகவே என் கருத்து இது: மனிதர்கள் தங்கும் வண்டிக்கு இரண்டு பாட்டரிகள் வேண்டும். எஞ்சின் பாட்டரியை வேறு எந்த வேலைக்கும் தொடக்கூடாது.

இரண்டும் ஒரே வேலைக்கு ஆனவை அல்ல. எஞ்சின் பாட்டரியில் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும். உடனே டைனமோ அதை ஈடுசெய்துவிடும். வீட்டு பாட்டரியின் தகடுகள் தடித்தவை. குறைந்த மின்னோட்டத்தைப் பல மணி நேரம் தரும். மெல்லிய தகட்டு பாட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால், தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகி அதன் ஆயுள் குறையும்.

சரி, இரண்டையும் ஒரே டைனமோவால் எப்படிச் சார்ஜ் செய்வது? "பாசிட்டிவோடு பாசிட்டிவைச் சேர்த்துவிடு, அவ்வளவுதான்" என்பார்கள் சிலர். எஞ்சின் ஓடும்போது இதில் குறையில்லை. டைனமோ தரும் 14 வோல்ட் இரண்டுக்கும் போகும். எஞ்சின் நின்றபின் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறைந்த பாட்டரி 12.7 வோல்ட்; இறங்கியது 11.9 வோல்ட். வேறுபாடு 0.8 வோல்ட். இரு பாட்டரிகளின் அக மின்தடையும் கம்பியின் தடையும் சேர்ந்து 0.04 ஓம் என்றால், ஓம் விதிப்படி தொடக்கத்தில் 20 ஆம்பியர் நிறைந்ததிலிருந்து இறங்கியதற்குப் பாயும். காலையில் இரண்டுமே அரைகுறை. இரண்டு பாட்டரி வைத்ததன் பயனே போய்விட்டது.

நமது ஊர்க் கண்மாய்கள் இதற்கு வழி சொல்கின்றன. மேல் கண்மாய் நிறைந்தபின்தான் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்கு நீர் போகும். கீழே வறண்டுவிட்டது என்பதற்காக மேலே உள்ளது காலியாவதில்லை. மின்னழுத்தத்தை அறிந்து இயங்கும் ரிலே இந்த மறுகால் வேலையைச் செய்கிறது. எஞ்சின் பாட்டரியின் மின்னழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டுக்கு ஏறினால், டைனமோ ஓடுகிறது என்று பொருள். ரிலே இரண்டையும் இணைக்கும். 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கினால் பிரித்துவிடும்.

கையால் போடும் சுவிட்ச் போதாதா? போதும், மறக்காத மனிதர் இருந்தால்! பதினைந்து மைல் நடந்து களைத்தவர் படுக்கப்போகும் முன் சுவிட்சை நினைப்பார் என்று நம்பலாமா? டையோடு? அது மின்னோட்டத்தை ஒரே திசையில்தான் விடும். ஆனால் சாதாரண சிலிக்கன் டையோடு 0.7 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 14.2 வோல்ட் 13.5 ஆகிவிட்டால் ஈய பாட்டரி சரியாக நிறையாது.

கம்பியிலும் கவனம் வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.0043 ஓம். போக ஐந்து, வர ஐந்து, ஆகப் பத்து மீட்டரில் 30 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.2 வோல்ட்தான். இரு பாட்டரிகளின் அருகிலும் ஒவ்வொரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். கம்பி உரசிக் கசிந்தால் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயுமல்லவா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் ஈய பாட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். ஆட்கள் தூங்கும் இடத்தில் பாட்டரியைத் திறந்து வைக்கக்கூடாது. மூடிய பெட்டியில் வைத்து, வாயு வெளியேறக் குழாய் விட வேண்டும். லித்தியம் பாட்டரி வைப்பவர்களுக்கு இந்த ரிலே போதாது. அது மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து டைனமோவைச் சூடேற்றிவிடும். மின்னோட்டத்தை அளவோடு தரும் தனிச் சார்ஜர் தேவை. எஞ்சின் ஓடும்போதே டைனமோவின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் புதிய வண்டிகளுக்கும் அப்படியே.

எவ்வளவு மாட்டினாலும், நடை வேகத்தில் ஊரும் வண்டியின் டைனமோ தன் முழு வலிமையைத் தராது. ஆகவே செலவைக் குறைப்பதே முதல் வேலை. ஒலிபெருக்கி 60 வாட், விளக்கும் விசிறியும் 40 வாட் என்று கொள்வோம். மாலை 6 மணி தொடங்கிப் பத்து மணி நேரம் எல்லாம் ஓடினால் 1,000 வாட்-மணி. 12 வோல்ட்டில் 83 ஆம்பியர்-மணி. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினால் 640 வாட்-மணி, 53 ஆம்பியர்-மணிதான். 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு ஏறக்குறைய பாதிச் சுமை, அது தாங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்றே சொல்கின்றன. சட்டம் ஊராரின் தூக்கத்துக்காகச் சொல்வதை இயற்பியல் பாட்டரிக்காகச் சொல்கிறது!

"இதற்கெல்லாம் யார் செலவழிப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. ரிலேயும் இரண்டு ஃபியூசும் ஒரு புதிய பாட்டரியின் விலையில் சிறு பகுதிதான். ஒரு பாட்டரி ஓராண்டு கூடுதலாக உழைத்தாலே அந்தப் பணம் திரும்பிவிடும்.

உங்கள் தெருவில் வேன் வைத்திருப்பவர் இருந்தால், அவரையும் உடன் வைத்துக்கொண்டு ஒரு மல்டிமீட்டரால் பாட்டரியை அளந்து பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் எவ்வளவு? எஞ்சின் ஓடும்போது எவ்வளவு? எல்லா விளக்கையும் போட்டால் எவ்வளவு? மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு அவரிடமே காட்டுங்கள். இரண்டாவது பாட்டரி எதற்கு என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.