இடம் மாறினால் விற்பனையா?

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஒருவர் மிளகு மூட்டையை முன்னறையிலிருந்து பின்கட்டுக்குத் தூக்கி வைத்தால், மிளகு விற்றுவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. அதே மனிதர் கைபேசியில் வாங்கிய கிரிப்டோவை, வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலிருந்து தன் சொந்த வாலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) மாற்றினால் கதை வேறு. வரிக்கணக்கு போடும் மென்பொருள் பல நேரங்களில் அதை விற்பனை என்று எழுதிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். ஒருவர் ஓர் எக்ஸ்சேஞ்சில் 1,00,000 ரூபாய்க்கு கிரிப்டோ வாங்குகிறார். அதை வாலட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து இன்னோர் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோய் 1,05,000 ரூபாய்க்கு விற்கிறார். லாபம் 5,000. 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து அவர் கட்ட வேண்டியது 1,560 ரூபாய். ஆனால் மென்பொருளில் இரண்டாவது எக்ஸ்சேஞ்சின் கோப்பு மட்டும் ஏற்றப்பட்டிருந்தால் வாங்கிய விலை அதற்குத் தெரியாது. தெரியாததைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டால் விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிடும். வரி 32,760 ரூபாய். இருபத்தொரு மடங்கு! இரண்டு கோப்புகளையும் ஏற்றினாலும் தொல்லை தீர்வதில்லை. 1,000 கிரிப்டோ காசு அனுப்பினால் நெட்வொர்க் கட்டணம் போக 999 வந்து சேரும். தொகை ஒத்துப்போகாததால், போனது ஒரு விற்பனை, வந்தது எங்கிருந்தோ கிடைத்த வரவு என்று மென்பொருள் பிரித்துவிடுகிறது. கணக்கு டேலி ஆகவில்லை என்று ஆடிட்டர் தலையில் கை வைக்கிறார்.

தவறு மென்பொருளுடையது மட்டுமல்ல. கணக்கு எழுதும் முறையைச் சொல்லாமலே வரி கேட்கும் அரசுக்கும் அதில் பங்குண்டு என்பதே நம் கருத்து.

2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்ற பெயரில் கிரிப்டோவை வரி வலைக்குள் கொண்டுவந்தது. அது வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 115பிபிஎச் பிரிவின்படி லாபத்தில் 30 சதவீதம் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காசில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தோடு சேர்த்துக் கழிக்கவோ, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ வழியில்லை. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் வந்தது. கடுமையான சட்டம்தான். அந்தக் கடுமையை இங்கே எதிர்க்கவில்லை. ஆனால் நட்டத்தைக் கழிக்க விடாத சட்டத்தில், எந்தப் பரிவர்த்தனையை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதே வரியைத் தீர்மானிக்கிறது. அங்கேதான் சட்டம் வாயைத் திறக்கவில்லை.

ஒருவர் ஒரு காசை ஒரு லட்சத்துக்கும், அதே வகையில் இன்னொன்றை மூன்று லட்சத்துக்கும் வாங்குகிறார். பிறகு ஒன்றை மட்டும் இரண்டரை லட்சத்துக்கு விற்கிறார். முதலில் வாங்கியதை முதலில் விற்றதாக எடுத்தால் ஒன்றரை லட்சம் லாபம். சராசரி விலை பார்த்தால் ஐம்பதாயிரம் லாபம். கடைசியாக வாங்கியதை விற்றதாகக் கொண்டால் நட்டம், வரியே இல்லை. எது சரி? டீமேட் பங்குகளுக்கு இந்தக் கேள்வி எழாது. முதலில் வந்ததே முதலில் போகும் என்று 45(2ஏ) பிரிவு சொல்லிவிட்டது. நேரடி வரிகள் வாரியம் 1998இலேயே அதற்குச் சுற்றறிக்கையும் வெளியிட்டது. கிரிப்டோவுக்கு அப்படி ஒரு விதிகூட இல்லை. பிரிட்டன் சராசரி விலை பார்க்கும் தொகுப்பு முறையை வகுத்திருக்கிறது. அமெரிக்கா 2025 ஜனவரி 1 முதல் வாலட் வாரியாகக் கணக்கு வைக்கச் சொல்கிறது. இங்கோ மென்பொருளின் அமைப்புகளில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதோ அதுவே விதியாகிவிட்டது.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் முக்கியமானது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஹேக் செய்யப்பட்டு சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருடுபோயின. அதைத் தொடர்ந்து கணக்குகள் முடக்கப்பட்டபோது, தமிழ்நாட்டு முதலீட்டாளர் ஒருவர் தன்னிடமிருந்த 3,532 எக்ஸ்ஆர்பி காசுகளுக்காக வழக்குத் தொடர்ந்தார். கிரிப்டோ பணமல்ல, ஆனால் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்றது நீதிமன்றம். சொத்து என்றால் அது திருடுபோகலாம், முடங்கலாம், பாதி திரும்பி வரலாம். ஹேக்கில் போன காசை வரிப் படிவத்தில் எங்கே எழுதுவது? ஈடாகத் தரப்படும் மீட்பு டோக்கன் வருமானமா, பழைய சொத்தின் மறுவடிவமா? வசீர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்கிறது. பல எக்ஸ்சேஞ்சுகளின் கோப்புகள் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஏப்ரல் 1 விடியற்காலை மூன்று மணிக்குச் செய்த விற்பனை அதில் மார்ச் 31 என்று பதிவாகி, நிதியாண்டே மாறிவிடும்.

கெடுபிடியைத் தளர்த்தினால் வருமானத்தை மறைப்பவர்களுக்கு வசதியாகிவிடும் என்ற வாதம் உண்டு. மறைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மீது நடவடிக்கை வேண்டும். ஆனால் சொந்த வாலட்டுக்கு மாற்றியதை நிரூபிப்பது கடினமல்ல. பிளாக்செயினில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அனுப்பிய கோப்பிலும் பெற்ற கோப்பிலும் அதே எண் இருந்தால் முடிந்தது வேலை. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தில் எடையும் விலையும் பிடித்தமும் சீட்டில் இருப்பதால்தான் விவசாயியால் கணக்குக் கேட்க முடிகிறது. கிரிப்டோவுக்கும் அப்படி ஒரு சீட்டு வேண்டும்.

நாடாளுமன்றத்தில் அரசு தந்த தகவலின்படி, இந்தச் சொத்துகளின் வருமானத்தின் மீது 2022-23இல் 269.09 கோடி ரூபாயும் 2023-24இல் 437.43 கோடியும் வரி வந்திருக்கிறது. கட்டுபவர்கள் நேர்மையாகத்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை தர வாரியம் கடமைப்பட்டிருக்கிறது. சொந்த வாலட்டுகளுக்கு இடையிலான மாற்றம் விற்பனை அல்ல என்று அது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விலை கணக்கிடும் முறை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அடையாள எண், இந்திய நேரம், ரூபாய் மதிப்பு, கட்டணம், டிடிஎஸ் ஆகியவை அடங்கிய ஒரே மாதிரியான ஆண்டு அறிக்கையை இந்தியாவில் பதிவு பெற்ற எல்லா எக்ஸ்சேஞ்சுகளும் தர உத்தரவிட வேண்டும். பரிவர்த்தனை விவரங்களை அரசிடம் தரும் கடமையை 2025 நிதிச் சட்டம் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டது. அதே விவரத்தை வாடிக்கையாளர் கையிலும் கொடுக்கச் சொல்வதில் என்ன தடை? விதி வரும்வரை, வாங்கிய ஆதாரத்தைக் காட்டுபவரிடம் அபராதம் கேட்கக் கூடாது. தாக்கல் வேலை ஜூலையில்தான் சூடுபிடிக்கும். சுற்றறிக்கை அதற்கு முன்பு, மே மாதத்திலேயே ஆடிட்டர்களின் மேசைக்கு வந்து சேர வேண்டும்.