இரணைமடுவுக்கு மேலே

நீருக்கு இயற்கை சார்ந்த தீர்வுகள் என்பதே 2018 இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலக நீர் மேம்பாட்டு அறிக்கையின் பொருள். அதே ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி, அணைக்கட்டு உயர்த்தப்பட்டு 36 அடி கொள்ளக்கூடியதாகிய இரணைமடுக் குளம் கிளிநொச்சியில் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் பெருவெள்ளம். வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் பல மாதங்கள் நீண்டது. அந்த நீர் மேலிருந்து அத்தனை விரைவாக ஏன் இறங்கியது என்று கேட்டவர்கள் குறைவு.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தோன்றி, முல்லைத்தீவைக் கடந்து இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பில் கலக்கிறது. இதுபோன்ற ஆறுகளின் கிளையோடைகளை மறித்து நம் முன்னோர் சிறுகுளங்களைத் தொடராக அமைத்தனர். மேற்குளம் வான் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்கு ஆகும். வயலின் கழிவுநீரும் அடுத்த குளத்துக்கே. அலைகரையின் மரங்கள் காற்றைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைத்தன. அதன்மேலிருந்த புற்றரை வண்டலைத் தடுத்தது. இலங்கையின் இத்தொடர்குள முறையை உலக விவசாய மரபுரிமையாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017 இல் ஏற்றது. நம் பாட்டன்மாருக்குச் சான்றிதழ் சற்றுத் தாமதித்தே கிடைத்திருக்கிறது!

இன்று குளத்தைத் திருத்துவது என்றால் இயந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டுவது என்றாகிவிட்டது. துருசின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. அடியிலுள்ள களிப்படை கிழிந்தால் இருக்கும் நீரும் கசிந்துபோகும். அள்ளிய மண்ணை அலைகரையிலேயே கொட்டினால் அடுத்த மாரியில் அது குளத்துக்கே திரும்பும்.

பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, காடு வனத் திணைக்களத்துக்கு, ஆற்றுமணல் இன்னொரு பணியகத்துக்கு. ஆற்றை முழுமையாகப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு?

காட்டைக் காப்போம் என்பது வன்னியில் எளிதான பேச்சு அல்ல என்பதை நான் அறிவேன். போரில் இடம்பெயர்ந்தவர்களின் வயலும் சிறுகுளமும் பற்றையாகி, திரும்பி வந்தபோது வன எல்லைக் கல்லுக்குள் கிடந்தன. இயற்கைத் தீர்வு என்ற பெயரில் இன்னொரு வேலி வருமானால் அதை அவர்கள் எதிர்ப்பது நியாயமே. குளத்தையும் வயலையும் உரியவரிடம் கொடுத்து, அலைகரைக் காட்டைக் காக்கும் பொறுப்பையும் அவர்களது கமக்காரர் அமைப்பிடமே ஒப்படைப்பதுதான் சரி. முன்பு அதைக் காத்ததும் ஊர்தான்.

2018 இன் மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிராது. அணையும் வேண்டும், வான்கதவும் வேண்டும். ஆயினும் பகிர்வைப் பற்றியே நாம் சண்டையிட்டோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தனர். ஈற்றில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தனை வருட இழுபறியில், நீர் வரும் வழியைப் பற்றி இரு தரப்பாரும் அதிகம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கிளிநொச்சியில் இரணைமடுப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது என்று முடிவெடுக்கிறார்கள். கனகராயன்குளத்திலும் அதற்கு மேலும் உள்ள சிறுகுளக் கமக்காரர்களை அதே கூட்டத்துக்கு அழைத்து, அவர்களின் குளங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை முதல் விடயமாக எடுக்கலாம். அதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.