நூறு ரூபாய் ரசீது

தோழனே!

பேசிப் பேசியே நாட்டைப் பிடித்தவர்களாம் நாம்! அடுக்குமொழியிலே மயங்கி அறிவிழந்ததாம் தமிழகம்! இன்றும் இப்படி எள்ளி நகைக்கிறார்கள் சிலர்.

மறுக்கப்போவதில்லை நான். ஆம், பேசினோம்! ஏடுகள் அவர்கள் கையில், ஆலைகள் அவர்கள் கையில், அரியணையும் அவர்கள் கையில் இருந்த நாளில், நாவன்றி வேறென்ன இருந்தது நமக்கு? ஆனால் அந்த நாவுக்குக் கொடுத்த விலை என்னவென்று நகைப்போர் அறிவார்களா? அறியாதார்க்கு அஞ்சா நெஞ்சன் பட்டுக்கோட்டை அழகிரியைக் காட்டுகிறேன்.

1938. பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்றது ஆச்சாரியார் ஆட்சி. ஆகஸ்ட் முதல் நாள், திருச்சி உறையூரிலிருந்து கால்நடையாய்க் கிளம்பிற்று தமிழர் படை. குமாரசாமிப் பிள்ளை தலைவர், அழகிரி தளபதி, உடன் நடந்தார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். ஊர்தோறும் கூட்டம், கூட்டந்தோறும் முழக்கம். ஒலிபெருக்கி எட்டாத ஊர்களிலே தொண்டைதானே ஒலிபெருக்கி! செப்டம்பர் 11இல் சென்னைக் கடற்கரை சேர்ந்தது படை. தமிழ்நாடு தமிழருக்கே என்று அங்கேதான் முழங்கினார் பெரியார். 1940 பிப்ரவரியில் வீழ்ந்தது கட்டாய இந்தி.

திருவாரூரில் அழகிரியின் பேச்சைக் கேட்டுச் சிலிர்த்தான் ஒரு பள்ளிச் சிறுவன். ஐந்து முறை நாடாண்ட கலைஞர்தான் அவர். தம் மகனுக்கு அழகிரி என்று பெயரிட்டதன் காரணம் புரிகிறதா?

முழங்கிய நெஞ்சைக் காசநோய் அரித்தது. மருந்துக்கும் வழியில்லை அந்த மாவீரனுக்கு! அண்ணா ஒரு நிபந்தனை விதித்தார்: கூட்டத்துக்குத் தம்மை அழைப்போர் முதலில் அழகிரிக்கு நூறு ரூபாய் மணியார்டர் அனுப்ப வேண்டும், ரசீதைக் காட்டினால்தான் தேதி!

1949 மார்ச் 28இல் மறைந்தார் அழகிரி. ஐம்பது வயதை எட்டவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் பிறந்த கழகத்தைக் காணவில்லை. 1967இன் வெற்றியையும் காணவில்லை. நாம் காண்கிறோம். எப்படி? குளிரூட்டிய காரில் அமர்ந்து! சுவரொட்டியிலே என் பெயர் சிறிதாய்ப்போயிற்று என்று முகம் சுளித்தவன் நானும்தான், தோழனே. ஊருக்கு மட்டும் உபதேசிக்க வரவில்லை.

உன் ஊரிலும் இருப்பார், மேடை மேடையாய் முழங்கி இன்று கட்டிலில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு முதியவர். வட்டார மாநாட்டு வளைவுக்கு நன்கொடை திரட்டும் நீ, அவர் வீட்டுத் திண்ணையில் கடைசியாக அமர்ந்தது என்றைக்கு?

அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்க வருவாயல்லவா? வரும்போது மாலை வேண்டாம். அவருக்கு அனுப்பிய ரசீதைக் கொண்டு வா.