தென்னாட்டுக்கு ஓர் ஒளிவளையம்

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவின்மேல் நிற்கிறது. அச்சரிவு சுமார் 11 டிகிரி. அவ்விடத்து அட்சரேகையும் அதுவே. ஆதலால் யந்திரத்தின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, ஒரே சுழற்சியில் வான்பொருளை மணிக்கணக்கிற் பின்தொடர்கிறது. கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய சகாக்களும் 1970-ல் முடித்த வேலை இது. அயலாரிடம் விலைக்கு வாங்கியதன்று. நம்மவரே திட்டமிட்டுக் கட்டியது.

அத்தகைய துணிவைச் சர்க்கார் இன்னொரு துறையிலும் தென்னாட்டில் காட்ட வேண்டுமென்கிறோம். எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வளையமொன்றினுள் ஓடவிட்டால், காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்குமிடந்தோறும் பிரகாசமான கதிர் பிறக்கிறது. உலோகத்தின் மேற்பரப்பையும் மூலக்கூறுகளின் அமைப்பையும் ஆராய்வோர்க்கு அது கண் போன்றது. தேசத்தில் இவ்வகை வளையங்கள் இரண்டே. இரண்டும் இந்தூரில், ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் உள்ளன. நம் கலாசாலை ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் அனுப்பி, முறை வந்ததும் ரயிலேற வேண்டியவராயிருக்கின்றனர்.

சிறு வளையத்தால் என்ன பயன் என்பார் சிலர். 1999-ல் இயங்கத் தொடங்கிய இண்டஸ்-1 வளையத்தின் சுற்றளவு சுமார் 19 மீட்டர்தான். நடுத்தரமான கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும்! அதைக் கட்டிப் பழகிய ஸ்தாபனமே 2005-ல் 172 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 வளையத்தை இயக்கிக் காட்டிற்று.

நீலகிரியின் சோலைகளை வெட்டி இதை அமைக்கும்படி நாம் கேட்கவில்லை; மழைக்குச் சரியும் மண் இதற்கு உதவாது. கெட்டியான பாறைநிலம் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஏராளம். சர்க்காரும் சர்வகலாசாலைகளும் கூடி இடமும் பொருளும் ஒதுக்கட்டும்.