ஒரு சொட்டு ரத்தத்தில் மார்பகப் புற்றுநோய் தெரியுமா? கணக்கு இடிக்கிறதே!

'ஒரு சொட்டு ரத்தம் போதும், மார்பகப் புற்றுநோய் தெரிஞ்சிடும்' என்ற ஃபார்வர்டு உங்கள் குரூப்பிலும் வந்திருக்கலாம். கூடவே தங்க நானோ துகள், கிராஃபீன் என்று அசத்தலான படங்கள். விஷயம் முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த 'ஒரு சொட்டு'தான் இடிக்கிறது.

கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதக்கும் செல்களை 1869-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். அவற்றைத் தேடி எண்ணுவதுதான் பெரும்பாடு. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டுமே சுமார் 500 கோடி! 2004-ல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த 'செல்சர்ச்' பரிசோதனைக்கு 7.5 மில்லி ரத்தம் தேவை. மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில், அந்த 7.5 மில்லியில் 5 செல்களோ அதற்கு மேலோ இருந்தால் நோயின் போக்கு மோசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

7.5 மில்லி என்பது ஏறக்குறைய 150 சொட்டு. 150 சொட்டுக்கு 5 செல் என்றால், நீங்கள் கொடுக்கும் ஒரு சொட்டில் ஒன்றுகூட இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அதுவும் முற்றிய நோயில். ஆரம்ப நிலையில் இந்தச் செல்கள் இன்னும் அரிது. இல்லாத செல்லை எந்த சென்சார் பிடிக்கும்?

அப்போ நானோ எதற்கு? இந்தச் செல்களின் மேல் 'எப்கேம்' என்றொரு புரதம் இருக்கும். அதைக் கவ்விப் பிடிக்கும் ஆன்டிபாடியை மின்முனையில் ஒட்டுகிறார்கள். தங்கத் துகளோ கிராஃபீனோ பூசினால் பரப்பு கூடும், ஆன்டிபாடி நிறைய ஒட்டும். செல் வந்து உட்கார்ந்ததும் மின்னோட்டம் மாறுவது பளிச்சென்று தெரியும். செல்சர்ச்சும் இதே எப்கேமைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே இரும்பு நானோ துகளும் காந்தமும்.

இதில் ஒரு சிக்கல். பல ஆய்வுகளில் சென்சாரைச் சோதிப்பது, ஆய்வகத்தில் வளர்த்த எம்சிஎஃப்-7 செல்களைக் கலந்த திரவத்திலோ ரத்தத்திலோதான். அவற்றில் எப்கேம் ஏராளம். ஈஸியான கொஸ்டின் பேப்பர் மாதிரி! நிஜ நோயாளியிடம், பரவக் கிளம்பும் சில செல்கள் அந்தப் புரதத்தையே குறைத்துக்கொள்கின்றன. 'ஒரே ஒரு செல்லையும் கண்டுபிடித்தோம்' என்று பெருமைப்படும் குழுக்கள், நோயாளிகளின் ரத்தத்தில் எத்தனை தவறவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சரியாக எண்ணிவிட்டாலும் கதை முடியவில்லை. அமெரிக்காவில் நடந்து 2014-ல் முடிவு வெளியான எஸ்0500 ஆய்வில், முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாத பெண்களில் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்தை மாற்றினார்கள். ஆயுள் கூடவில்லை. எண்ணுவதைவிட, பிடிபட்ட செல் எந்த மருந்துக்கு மசியும் என்று படிக்கத்தான் இனி பணமும் நேரமும் போக வேண்டும்.

யாராவது இப்படியொரு டெஸ்ட்டைப் பரிந்துரைத்தால், எத்தனை மில்லி ரத்தம், எந்த நிலை நோயாளிகளிடம் சோதித்தது என்று கேளுங்கள். ரிசல்ட் நெகட்டிவ் என்றால் மேமோகிராம் தேவையில்லையா? தேவைதான். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ஸ்கேன், பயாப்ஸி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.