தனக்கு மிஞ்சிய தானம்

சென்ற ஏப்ரல் மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவருடைய மடிக்கணினி உயிரை விட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு வாரமே எஞ்சியிருந்த நேரம். அவர் தந்தையார் கடன் பட்டு வாங்கிக் கொடுத்த கணினி அது. பழுது பார்ப்பவர் அடித்தகட்டைத் திறந்து காட்டினார். காற்று வெளியேறும் வழியெல்லாம் மெத்தைப் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தன. "எத்தனை நாளாக இப்படி ஓட்டினீர்கள்?" என்று அவர் கேட்டார். நண்பர் விடை சொல்லவில்லை. நாற்பது நாள், இரவும் பகலும் ஓட்டியிருந்தார். தமக்காக அன்று, அறிவியல் ஆராய்ச்சிக்காகவும் நம் சங்கத்து அணியின் பெயருக்காகவும் ஓட்டினார்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு சங்கத்தில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. "இந்த வேலையே நமக்கு வேண்டாம், அணியைக் கலைத்துவிடுவோம்" என்கிறது ஒரு கட்சி. "ஒருவர் கவனக் குறைவுக்காகத் தொண்டை நிறுத்துவதா?" என்று கேட்கிறது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது என்பது என் கருத்து.

புதிதாக வந்துள்ள மாணவர்களுக்காக ஒரு சொல். பெரிய ஆராய்ச்சிக் கணக்கு ஒன்றைப் பல சிறு துண்டுகளாக்கி, உலகெங்கும் உள்ள தனி மனிதர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். அவை கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புகின்றன. இதுவே தொண்டுக் கணிப்பு. வேற்றுலக உயிர்களின் வானொலிக் குறிகளைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' 1999-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிற்று. 2020 மார்ச்சு இறுதியில் புதுப் பணி வழங்குவதை நிறுத்தும் வரை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கு கொண்டனர். அங்கேயே உருவான 'பாயிங்க்' என்ற மென்பொருளின் வழியாகப் பல திட்டங்கள் இன்றும் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றான 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்', வீட்டுக் கணினிகளைக் கொண்டே 2010-இல் அதுவரை அறியப்படாத துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தது. எளியவர் வீட்டு மேசையும் விண்ணாராய்ச்சிக்கு உதவக்கூடும் என்பது சிறிய செய்தியா? இதில் நம் மாணவர்கள் பங்கு கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எந்த அளவில் என்பதே கேள்வி.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்பது நம் பெரியோர் மொழி. தொண்டுக் கணிப்பு தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். அந்நாளைய மேசைக் கணினி சும்மா இருந்தாலும் ஏறத்தாழ வேலை செய்யும்போது தின்னும் மின்சாரத்தையே தின்றுகொண்டிருந்தது. வீணாகும் ஆற்றலை அறிவியலுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அது மெய்யாகவே மிஞ்சியது. இன்று நிலை வேறு. இன்றைய மடிக்கணினியின் செயலி வேலையில்லாதபோது உறங்கிவிடுகிறது. ஒரு சில வாட்டுக்கு மேல் கேட்பதில்லை. முழு வேலை கொடுத்தால் அந்தக் கணினியே அறுபது வாட் கேட்கிறது. ஆகவே நாம் இன்று கொடுப்பது மிச்சத்தை அன்று. புதிதாக வாங்கிக் கொடுக்கிறோம். அறுபது வாட் இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் இன்னும் நிலக்கரியிலிருந்து பிறக்கிறது. எது மிஞ்சியது என்பதை முன்பு கணினியே முடிவு செய்தது. இன்று நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செலவாகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி அறைக்குள் வருகிறது. குளிர்நாட்டில் அது அறையைச் சூடேற்ற உதவும். டில்லியின் மே மாதமோ 45 டிகிரியைத் தொடுகிறது. அறை 25 டிகிரியாக இருக்கும்போது செய்யும் வேலையை 40 டிகிரியில் செய்தால், செயலியும் ஏறத்தாழ அந்தப் பதினைந்து டிகிரி கூடுதலாகச் சுடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய நூறு வாட். விளையாட்டுக்கென வரைகலை அட்டை பூட்டிய மேசைக் கணினி முழு வேகத்தில் முந்நூறு வாட்டும் வெளியிடும். மூவர் தங்கும் அறையில் அழையாத விருந்தாளிகள் இன்னும் மூவர் வந்து உட்கார்ந்ததற்கு ஒப்பாகும் அது. அறிவியலுக்கு நாம் செய்யும் தானத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் ஏன் தூக்கத்தை இழக்க வேண்டும்?

"இன்றைய செயலிகள் நூறு டிகிரியை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அஞ்ச வேண்டாம்" என்பார் உண்டு. செயலியைப் பொறுத்த வரை அது மெய். ஆனால் அதன் அருகில் மின்கலம் இருக்கிறது. அது வெப்பத்தில் விரைந்து மூப்படையும். விசிறி தேயும். சூடு மிகுந்து தடுமாறும் கணினி தவறான விடையும் அனுப்பும். பல திட்டங்கள் ஒரே கணக்கை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால்தான் ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வாத விடைக்குச் செலவான மின்சாரம் யாருக்கும் பயனில்லை.

அளவு வைப்பதால் இழப்பு மிகுதியா? மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். இயல்பான வேகத்தில் செல்லும்போது களைப்பில்லை. அதற்கு மேல் சிறிது விரைவு கூட்டினால் மூச்சு வாங்குகிறது. செயலியும் அப்படித்தான். வேகம் கூடக் கூட அதற்கு மின்னழுத்தமும் கூட வேண்டும். வெப்பமோ மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப ஏறும். ஆகவே கடைசிச் சிறு வேகத்துக்குத்தான் மிகப் பெரும் வெப்பம் செலவாகிறது. அதை விட்டுக்கொடுத்தால் இழக்கும் வேலை கொஞ்சம், குறையும் சூடு அதிகம்.

பாயிங்க் மென்பொருளில் இதற்கு இரண்டு திருகுகள் உள்ளன. செயலியின் கோர்களில் எத்தனை விழுக்காட்டைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. நேரத்தில் எத்தனை விழுக்காடு என்பது மற்றொன்று. நேரத்தை ஐம்பது விழுக்காடாக்கினால் வேலை சற்று ஓடும், சற்று நிற்கும், மீண்டும் ஓடும். அதனால் சூடும் விசிறியின் இரைச்சலும் ஏறி இறங்கும். கோர்களைக் குறைப்பதே அமைதியான வழி. எட்டு இருந்தால் மூன்றோ நான்கோ போதும். ஆனால் ஒரு நுட்பம்: சில கோர்கள் ஓய்ந்திருந்தால் மற்றவை 'டர்போ' என்னும் கூடுதல் வேகத்துக்குத் தாவும். விண்டோசில் மின் அமைப்புப் பகுதிக்குச் சென்று செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடு ஆக்கினால் பல கணினிகளில் அந்தத் தாவல் நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும்போதும், நாம் வேலை செய்யும்போதும் கணிப்பை நிறுத்திவைக்கவும், இன்ன மணி முதல் இன்ன மணி வரைதான் என்று வரையறுக்கவும் அதே மென்பொருளில் வழி உண்டு. இருபத்தைந்து வாட்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் ஆறு யூனிட்தான்.

மெதுவாக ஓடுகிறவர் வேலையைக் குறைவாகவே கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தவறினால் வேறொருவருக்கு அதை அனுப்புவார்கள். பந்தியில் இலை நிறைய வாங்கி வைத்துவிட்டு எழுந்து போவது அழகன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கணினி நம்முடையதாக இருக்கலாம். விடுதியின் மின்சாரம் நம்முடையது அன்று. ஆய்வுக்கூடத்துக் கணினியோ இரண்டு வகையிலும் பிறருடையது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை இசைவின்றி நிறுவியதற்காகப் பணியாளர் ஒருவர் மீது 2001-இல் வழக்கே தொடரப்பட்டது. பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்வதை நம் ஊரில் தானம் என்று யாரும் சொல்வதில்லை. விடுதிக் காப்பாளரிடம் கேட்போம். ஒப்பினால் ஓட்டுவோம்.

நண்பர் ஏன் நாற்பது நாள் ஓட்டினார் என்பதையும் நாம் மறைக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். செய்த கணிப்புக்குப் புள்ளி தருகிறார்கள். அணிகளுக்குள் வரிசை உண்டு. வேறொரு மாணவர் அணியை முந்த வேண்டும் என்று நாம்தான் அவரைத் தூண்டினோம். வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் அவர் பெயரை முதலில் எழுதிக் கைதட்டினோம். அவருடைய ஆய்வேடு எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. குற்றம் கணினியுடையதும் அன்று, நண்பருடையது மட்டும் அன்று.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழியப் போவது இதுதான். அணி இருக்கட்டும். ஆனால் பலகையில் புள்ளிகளை எழுத வேண்டாம். எத்தனை பேர் பங்கு கொள்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுவோம். சேருகிறவருக்கு மூத்த மாணவர் ஒருவர் உடன் அமர்ந்து அளவுகளை அமைத்துக் கொடுக்கட்டும். மாதம் ஒரு முறை எல்லோரும் கூடிக் கணினிகளின் தூசியைத் துடைப்போம். ஏப்ரல் முதல் சூன் வரை, ஆய்வேடும் தேர்வும் வெயிலும் சேர்ந்து வரும் அந்த மூன்று மாதங்கள், அணி ஓய்வெடுக்கட்டும்.

நாற்பது நாள் ஓடி நின்றுபோன ஒரு கணினியைவிட, நான்கு ஆண்டு மெல்ல ஓடும் நாற்பது கணினிகள் அறிவியலுக்கு அதிகம் தரும். நண்பர் கணினிக்குப் புதுப் பலகை மாற்றச் சங்க நிதியிலிருந்து இயன்றதைக் கொடுப்போம். இந்த ஆண்டு நாம் செய்ய வேண்டிய முதல் தானம் அதுவே.