சால்வையைக் காட்டுகிறார்கள், நெசவாளியை மறைக்கிறார்கள்!



பழைய கட்டிடங்கள், பரம்பரைக் கைத்தொழில், பனிமலை — இம்மூன்றையும் ஒரே யாத்திரையில் காட்டுகிறோம், காஷ்மீருக்கு வாருங்கள் என்று சுற்றுலாக் கம்பெனிகள் வண்ணக் காகிதத்தில் விளம்பரம் அச்சடிக்கின்றன. வழிகாட்டி கூடவே வருவாராம். தங்குவதற்குப் படகு வீடாம். இதற்குக் "கலாச்சாரப் பயணம்" என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நல்ல இடத்தைப் பார்ப்பது குற்றமல்ல. காஷ்மீர் பார்க்க வேண்டிய நாடுதான். ஸ்ரீநகரின் ஜாமியா மசூதியைத் தாங்கி நிற்பவை 370க்கு மேற்பட்ட தேவதாருத் தூண்கள். மூன்று முறை நெருப்புக்கு இரையாகி, மூன்று முறையும் தச்சர்களின் உழைப்பால் எழுந்து நின்ற கட்டிடம் அது. மலை ஊற்றைப் படிப்படியாக இறக்கி ஓடவிட்ட ஷாலிமார், நிஷாத் தோட்டங்களைக் கண்டால் எந்த மனிதனுக்கும் உள்ளம் குளிரும்.

நமது சண்டை அந்த அழகோடு அல்ல. அழகைக் காட்டி அநீதியை மூடுகிறார்களே, அந்த மோசடியோடுதான் நமது சண்டை.

ஆட்டோடு சேர்த்து விற்ற நாடு

வழிகாட்டி முதலில் சால்வைக் கடைக்கு அழைத்துப் போவார். மோதிரத்துக்குள் நுழையும் மென்மை என்பார். விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு நின்றுவிடும். அந்தச் சால்வையின் சரித்திரத்தை அவர் சொல்ல மாட்டார். நாம் சொல்வோம்.

1846 மார்ச் 16ல் அமிர்தசரஸில் ஓர் ஒப்பந்தம் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 75 லட்சம் ரூபாய்க்குக் காஷ்மீரை ஜம்மு ராஜா குலாப் சிங்குக்குக் கொடுத்துவிட்டது. மண்ணும் மலையும் அதில் வாழ்ந்த ஜனங்களும் சந்தை மாடு போலக் கைமாறினார்கள். அதோடு தீர்ந்ததா? இல்லை. வருஷந்தோறும் ஒரு குதிரை, உயர்ந்த ரகச் சால்வை ஆடுகள் பன்னிரண்டு, மூன்று ஜோடிக் காஷ்மீர்ச் சால்வைகள் வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆட்டுக்கு அந்தக் காகிதத்தில் இடம் இருந்தது. ஆறு கிடா, ஆறு பெட்டை என்று கணக்கும் இருந்தது. சால்வை நெய்தவனைப் பற்றி ஒரு வரி கிடையாது!

நெசவாளியின் நிலை என்ன? சால்வைக்கு முத்திரை குத்தி வரி வாங்க "தாக் ஷால்" என்று ஓர் இலாகா இருந்தது. முத்திரை இல்லாத சால்வையை விற்க முடியாது. கூலியில் பெரும்பங்கை வரி தின்றது. வேலையை விட்டு ஓடலாம் என்றால் அதற்கும் தடை. தறியில் உட்கார்ந்தவன் தறியிலேயே சாக வேண்டும். தப்பியவர்கள் மலை தாண்டிப் பஞ்சாபுக்குப் போய், அமிர்தசரஸிலும் லூதியானாவிலும் தறி போட்டார்கள்.

ஜால்தாகரில் சிந்திய ரத்தம்

1865 ஏப்ரல் 29. பொறுமை எல்லை கடந்தது. ஸ்ரீநகர் நெசவாளிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தாக் ஷால் அதிகாரி ராஜ் காக் தர் பெயரில் பாடை கட்டித் தூக்கி ஊர்வலம் போனார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. வரியைக் குறை, கொடுமையை நிறுத்து என்பதுதான் கோரிக்கை.

மகாராஜா ரண்பீர் சிங்கின் படை ஜால்தாகரில் அவர்களை வளைத்துக்கொண்டது. தாக்குதலுக்குத் தப்பி ஓடியவர்கள் குறுகிய பாலத்தில் நெருக்குண்டு தண்ணீரில் விழுந்தார்கள். 28 நெசவாளிகள் மாண்டார்கள். தலைவர்களைச் சிறையில் தள்ளி வதைத்தார்கள். சிலர் அங்கேயே உயிர் நீத்தார்கள்.

மே தினத்துக்கு வித்திட்ட சிகாகோ போராட்டம் நடந்தது 1886ல். அதற்கு 21 வருஷங்களுக்கு முன்பே, தொழிற்சங்கம் என்ற சொல்லே எட்டாத மலைநாட்டில் கைத்தறித் தொழிலாளி எழுந்து நின்றான்! பஞ்சாலைத் தோழனே, அவன் உன் அண்ணன். உன் வீட்டுச் சேலைக் கரையில் இருக்கிறதே மாங்காய், அதே வளைந்த உருவத்தைத்தான் அவன் சால்வையில் நெய்தான். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர் முதலாளிகள் அதை ஜக்கார்டு தறியில் நெய்து உலகம் பூராவும் விற்றார்கள். இன்று அந்த உருவத்துக்கே "பெய்ஸ்லி" என்று அந்த ஊரின் பெயர்! உழைத்தவன் பெயர் எங்கே?

1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டதும் சால்வைச் சந்தை சரிந்தது. 1877ல் தொடங்கிய கொடும் பஞ்சம், மிச்சமிருந்த நெசவாளிகளில் ஏராளமானோரை வாரிக்கொண்டு போயிற்று. சீமாட்டிகளின் தோளை மூடியவன் கஞ்சியில்லாமல் செத்தான். கலாச்சாரப் பயணத்தில் ஜால்தாகருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் குடி முழுகிப் போகுமா?

மலைப்பாதையும் வெட்டியும்

அடுத்து மலை. பந்திப்பூரிலிருந்து ராஸ்தான் கணவாய் ஏறிக் குரேஸ் பள்ளத்தாக்குக்குக் காரில் அழைத்துப் போகிறார்கள். "இயற்கையின் மடி" என்கிறார்கள். அந்த வழி பழைய கில்கித் பாதை. எல்லைப் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கக் கிராமத்து விவசாயிகளை வெட்டி வேலைக்குப் பிடித்துப் போன பாதை. பனியில் உறைந்தும் பசியில் விழுந்தும் மாண்டவர் பலர். கில்கித் என்ற பெயரைக் கேட்டாலே கிராமம் நடுங்கியது. நில அளவைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி வால்டர் லாரன்ஸே 1895ல் தம் புத்தகத்தில் இந்த வெட்டியின் கொடுமையை எழுதியிருக்கிறார். பண்ணையார் வீட்டில் வெட்டி செய்த நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழியில் தெரியும் நெல் வயலுக்கும் கதை உண்டு. 1950ல் காஷ்மீர்ச் சர்க்கார் பெரிய நிலவுடைமையை ஒழித்துச் சட்டம் போட்டது. 22¾ ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், நஷ்டஈடு இல்லாமல், உழுதவனுக்குப் போயிற்று. ஆனால் பழத்தோட்டங்களுக்கு விலக்கு! எனவே ஆப்பிள் மரத்தை மட்டும் பார்த்துப் பரவசப்படாதீர்கள். அதன் வேரில் ஒளிந்த சட்டத்தின் ஓட்டையையும் பாருங்கள்.

"சுற்றுலா வந்தால் சோறு வருமே!"

சில கனவான்கள் கேட்பார்கள்: "பயணிகள் போனால்தானே கைத்தொழில் பிழைக்கும்? நீங்கள் தடுக்கலாமா?"

நாம் தடுக்கவில்லை. பயணி கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்கிறோம். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் ஆடு மேய்ப்பவன் குளிரில் நடுங்குகிறான். அந்த ரோமத்தை வீட்டில் ராட்டையில் நூற்பவள் பெண். அவள் நூற்ற நூலைச் சிறு நீளங்களாக எண்ணி, முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு இவ்வளவு காசு என்று கணக்குத் தீர்க்கிறார்கள். கானிச் சால்வை நெய்பவன், தார்க்குச்சி போன்ற சிறு மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் வைத்துக்கொண்டு, "தாலீம்" என்ற குறிப்பைப் படித்துப் படித்து நெய்கிறான். நாள் முழுதும் உட்கார்ந்தாலும் ஓர் அங்குலம் நகர்வதே பெரிது. ஒரு சால்வைக்கு மாதங்கள் பல ஆகும். வருஷத்தைத் தாண்டுவதும் உண்டு. கண் கெடுவது அவனுக்கு, கொள்ளை லாபம் வியாபாரிக்கு! இது போதாதென்று, இயந்திரத்தில் ஓட்டிய துணியைக் கைவேலை என்று விற்று அவன் வயிற்றில் அடிக்கிறார்கள்.

2021ல் ஸ்ரீநகருக்கு யுனெஸ்கோ "கைவினை நகரம்" என்று பட்டம் கொடுத்தது. மகிழ்ச்சி! பட்டத்தை ஊருக்குக் கொடுத்தீர்கள். கூலியை யார் கொடுப்பது?

பயணிகள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2025 ஏப்ரல் 22ல் பஹல்காமில் கொலைகாரர்கள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரத் தொழிலாளி; பயணிகளைக் காக்கப் போய் உயிர் கொடுத்தவர். அதன் பின் பயணிகள் திரும்பினார்கள், பல இடங்கள் மூடப்பட்டன. ஓட்டல் முதலாளிக்குப் பாங்கி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. குதிரைக்காரனுக்கும் படகுக்காரனுக்கும் என்ன இருக்கிறது? குதிரை நின்றாலும் தீனி தின்னுமே!

நாம் கேட்பது

கடையில் தொங்கும் ஒவ்வொரு சால்வையிலும் நூற்றவள் கூலி எவ்வளவு, நெய்தவன் கூலி எவ்வளவு என்று எழுதி ஒட்டு!

இயந்திரத் துணியைக் கைத்தறி என்று விற்பவனைத் தண்டி!

குதிரைக்காரன், படகுக்காரன், சுமை தூக்குபவன் அனைவருக்கும் சீசன் இல்லாத காலத்துக்கு நிவாரணம் கொடு!

ஜால்தாகர் தியாகிகளை யாத்திரையில் சேர்!

இன்னொன்றும் கேட்கிறோம். சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஊர் சுற்றிப் பார்க்க லீவும் பயணச் செலவும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் மலை பார்க்கக் கண் இல்லையா? சம்பளத்துடன் லீவு, பயணத்துக்குப் படி — இது பிச்சையல்ல, உரிமை. அந்த உரிமையை வென்று நாம் ஸ்ரீநகர் போகும் நாளில் சால்வைக் கடைக்கு முன் ஜால்தாகருக்குப் போவோம். அங்கே மாண்ட 28 பேருக்கும் தலைவணங்கிவிட்டு, தறியில் இருக்கும் தோழனின் கையைப் பற்றுவோம்.